பின்வேலியை ஒட்டிய காட்டுத்துண்டு: வெட்டச் சொல்லி மனு வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

புதுவீட்டுக்காரன்

வணக்கம். போன வருடக் கடைசியில் மேற்கு சிட்னியில் வீடு வாங்கிக் குடிவந்தோம். பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசர்வ். ரிசர்வ் என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி ஒன்றும் கிடையாது. போனில் மேப் வைத்து அளந்து பார்த்தேன், சுமார் 2 ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். முப்பது நாற்பது பெரிய யூகலிப்டஸ் மரங்கள், அதில் நாலைந்து பட்டுப்போய் மொட்டையாக நிற்கின்றன. கீழே முட்டி உயரத்துக்குச் செம்பழுப்பில் புல், நடுநடுவே முள்ளுப் புதர், விழுந்த இடத்திலேயே கிடக்கும் கிளைகள். கிளை என்றால் விறகுச் சுள்ளி இல்லை, ஒன்று எங்கள் கார் நீளம் இருக்கும். கவுன்சில் ஆட்கள் அவ்வப்போது வந்து ஓரத்தில் மட்டும் மோவரை ஓட்டிவிட்டுப் போகிறார்கள், உள்ளே கால் வைப்பதே இல்லை.

இப்போது தெருக்கோடி வீட்டுக்காரர் ஒரு மனுவோடு வீடு வீடாக வருகிறார். புல்லை முழுக்க வெட்ட வேண்டும், கட்டைகளை அள்ள வேண்டும், பட்ட மரங்களைச் சாய்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். என் மனைவி உடனே போட்டுவிடு என்கிறாள், நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது, பாம்பு பயம். போன வாரம் துணி காயப்போடப் போனவள் அலறிய அலறலில் நான் மீட்டிங்கை விட்டு ஓடினேன். முழங்கை நீளத்துக்குப் பல்லி மாதிரி ஒன்று, உடம்பு தடி, கால் குட்டை, நாக்கை நீட்டினால் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம்.

இன்னொன்று. வந்த புதிதில் வாலைத் தூக்கிக்கொண்டு குட்டியாய் ஒரு நீலக் குருவி வரும், மகள் அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள். இப்போது அதைக் காணோம். நம் ஊர் மைனாக் கூட்டம் ஒன்று வந்து, எந்தக் குருவி உட்கார்ந்தாலும் ஆறேழாகச் சேர்ந்து விரட்டுகிறது. மைனா இங்கேயும் வந்து இந்த வேலையா பார்க்கிறது என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கேட்க வந்தது இதுதான். இவ்வளவு சின்ன இடத்தில் காப்பாற்றும்படி ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா விட்டுவைத்த புதர்தானா? பாம்பு எவ்வளவு நிஜம்? கையெழுத்துப் போடலாமா? சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

சருகுக்காரன்

கையெழுத்துப் போடாதீர்கள், குறைந்தது இந்தப் பதிலைப் படித்து முடிக்கிற வரைக்கும்.

ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு ரிசர்வில் களை பிடுங்கப் போகிறேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் செம்பழுப்புப் புல் அநேகமாகக் கங்காரு புல். கதிர் தொங்கலாக இருக்கும், விதைக்கு நீளமாய் ஒரு முறுக்கிய மயிர் இருக்கும். ஈரம் பட்டால் அது சுழன்று விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும். நம் ஊரில் காலுறையில் குத்திக்கொண்டு வருமே ஊசிப்புல், அதே வித்தைதான். இதே கங்காரு புல் நீலகிரி மேட்டுப் புல்வெளிகளிலும் உண்டு, ஒரே இனம். முள்ளுப்புதர் கோடையில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ விட்டால் அது பர்சேரியா. மரம் கீழே சொரசொரப்புப் பட்டையும் மேலே வழவழப்புமாக இருந்தால் கிரே பாக்ஸ். முழுக்க வழவழப்பாக, திட்டுத் திட்டாகப் பட்டை உரிந்து சாம்பலும் வெள்ளையுமாக இருந்தால் ஃபாரஸ்ட் ரெட் கம். இந்த இரண்டாவது மரம் வேறு யாரும் இல்லை, நம் ஊர்க் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் நட்டுவைத்து, தண்ணீரை உறிஞ்சுகிறது என்று எல்லாரும் திட்டுகிற அதே தைலமரம். அதன் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். இங்கே அதன் பொந்தில் கிளி குடித்தனம் நடத்துகிறது, மேல்கிளையில் சர்க்கரை கிளைடர் என்கிற, பறக்கும் அணில் மாதிரி ஒரு குட்டி விலங்கு தாவுகிறது. அங்கே அது வரிசையாக நட்டு, பொந்து விழும் வயதுக்கு முன்பே வெட்டப்படும் பயிர். மரத்தைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.

இந்தக் கூட்டணிக்கு, அதாவது இந்த மரமும் புல்லும் முள்ளும் சேர்ந்த காட்டுக்கு, கம்பர்லேண்ட் சமவெளிக் காடு என்று பெயர். ஷேல் பாறை மட்கிய களிமண், சமதளம், விவசாயத்துக்குத் தோதான மண், அதுவே இதற்கு எமனாகவும் ஆனது. வெள்ளைக்காரர்கள் 1788-ல் வந்து இறங்கியவர்கள் கடற்கரை மணலில் ஒன்றும் விளையாது என்று கண்டதும் பாரமட்டா பக்கம் ஏறிவிட்டார்கள், 1791-ல் டூங்காபியில் அரசுப் பண்ணையே போட்டாயிற்று. 1797-ல் இந்த மண்ணின் பழங்குடிப் போராளி பெமுல்வுய் தன் ஆட்களோடு அந்தப் பண்ணையைத் தாக்கியது சும்மா இல்லை, அது அவர்கள் கிழங்கு தோண்டிய நிலம், கங்காருவுக்குப் புல் துளிர்க்கட்டும் என்று கணக்காகத் தீ வைத்துப் பராமரித்த நிலம். அதன் பிறகு பண்ணை, பழத்தோட்டம், செங்கல் சூளை, கடைசியில் நம்மை மாதிரி ஆட்களுக்கு வீட்டு மனை. 1998 கணக்கில் மிச்சம் சுமார் 11,000 ஹெக்டேர், முன்பு இருந்ததில் 9 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மிச்சமும் ஓர் இடத்தில் இல்லை. பழைய கல்லறைத் தோட்டம், ரயில் பாதை ஓரம், நீர்த்தேக்கத்துக் கரை, உங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் என்று கிழிந்த துணி மாதிரி கிடக்கிறது. 2009-ல் இதை மிக அருகிய நிலை என்று அறிவித்தார்கள்.

உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். பட்ட மரத்திலிருந்து ஆரம்பிப்போம், அதைத்தானே சாய்க்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி கிடையாது. நம் ஊரில் மரங்கொத்தி குடைந்து வைத்த பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறும், இங்கே அந்த வேலையைக் கரையானும் பூஞ்சையும் தீயும்தான் செய்யணும், அதற்குக் கிளை ஒடிந்து, உள்ளே மட்கி, ஒரு சின்னப் பொந்து விழவே நூறு வருடத்துக்கு மேல் ஆகும். ஆந்தை, காக்கட்டூ நுழையும் அளவுப் பொந்து என்றால் இருநூறு வருடம். இந்த நாட்டில் சுமார் 300 வகை முதுகெலும்பு உயிரினங்கள் பொந்தை நம்பி இருக்கின்றன. கிளி, பாசம் (possum) என்கிற மரமேறி விலங்கு, சர்க்கரை கிளைடர், தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு பூச்சி வௌவால். அந்த மொட்டை மரங்கள் அந்தப் பேட்டையின் அபார்ட்மெண்ட் பிளாக். சாயங்காலம் மங்கும் நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், வௌவால் ஒவ்வொன்றாக வெளியே விழும். பிறகு உங்கள் வீட்டுக் கொசுவைத்தான் தின்னப் போகும்.

கீழே கிடக்கிற கட்டை அடுத்தது. அதன் அடியில், மரத்தடிச் சருகில், கம்பர்லேண்ட் நத்தை என்று ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. உலகத்தில் இந்தச் சமவெளியிலும் இதை ஒட்டிய ஓரங்களிலும் தவிர வேறெங்கும் கிடையாது. உங்கள் கீரையைத் தின்னாது, பூஞ்சை தின்கிற ஜாதி, வறட்சி வந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். ஆட்கள் அடுப்புக்கு விறகு பொறுக்கிப் பொறுக்கியே இது பல இடத்தில் போய்விட்டது. பட்ட கட்டையை அகற்றுவதையே மாநில அரசு உயிரினங்களுக்கு ஓர் அச்சுறுத்தல் என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது, நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

மைனா விஷயம் தனியாக எழுதுகிறேன், அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இப்போது வேலைக்கு ரயில்.

வளவுக்காரி

தம்பி, முதலில் மனுசியிடம் சொல்லுங்கோ, அவ கண்டது பாம்பும் இல்லை, உடும்பும் இல்லை. நீலநாக்கு. நம்மட அரணைதான், இந்த நாட்டுச் சாப்பாட்டில் கொழுத்த அரணை என்று நினையுங்கோ. அரணை கடித்தால் மரணம் என்று எங்கட அம்மம்மா சொல்லுவா. இது பயம் வந்தால் வாயைத் திறந்து நாக்கைக் காட்டி வெருட்டும், அவ்வளவுதான், விசம் கிடையாது. கையில் பிடித்தால் கவ்வும், ஆரும் பிடிக்கச் சொன்னதோ? முட்டை போடாது, குட்டிதான் போடும், என்ர வளவில் ஒருமுறை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஏழு குட்டி எண்ணினேன். நத்தை தின்னும். அதனால் உங்கட தோட்டத்தில் நத்தைக்குப் போடுற நீலக் குளிசை இருந்தால் இண்டைக்கே எடுத்துக் குப்பையில் போடுங்கோ. நத்தை அதைத் தின்னும், அரணை நத்தையைத் தின்னும், இரண்டு நாளில் அரணை செத்துக் கிடக்கும். எனக்கு அப்படி நடந்தது, நான்தான் போட்டேன், தெரியாமல். புல் வெட்டுறதுக்கு முதல் ஒருக்கா நடந்து பார்த்துவிட்டு வெட்டுங்கோ, மோவரில் அடிபட்டுச் சாகிறதுகளும் கன.

பாம்பு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபத்துநாலு வருசத்தில் நாலு முறை கண்டேன், மூன்று செவ்வயிற்றுக் கருநாகம் என்று சொல்லுற ரெட் பெல்லி பிளாக், ஒன்று பிரவுண். நாலும் என்னைக் கண்டு ஓடினது. வேலி ஓரம் ஒரு மூன்று மீற்றர் புல்லைக் கட்டையாய் வெட்டி வைத்தால் அது வெளியில் வர யோசிக்கும், வந்தாலும் எங்களுக்குத் தெரியும். வளவுக்குள் தகரம், பலகை, ஓடு அடுக்கி வைக்காதேங்கோ, கோழித் தீனி சிந்தவிடாதேங்கோ, எலி வந்தால் பின்னால் அவர் வருவார். பிள்ளைக்கு சப்பாத்து. வீட்டில் அகலமான இறுக்கப் பட்டி (பாண்டேஜ்) இரண்டு வாங்கி வையுங்கோ. கடிபட்டால் கழுவக்கூடாது, கயிறு கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, காலோ கையோ முழுக்கப் பட்டியைச் சுற்றி, தடி வைத்து ஆடாமல் கட்டி, நடக்க விடாமல் படுக்க வைத்து அவசர உதவிக்கு 000-க்கு அடிக்க வேணும். இந்த நாடு முழுக்க வருசத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் பாம்பு கடித்துச் சாகினம். பாம்பை அடிக்கிறது சட்டப்படி குற்றம், கடிபடுறதில் கனபேர் அதை அடிக்கவோ பிடிக்கவோ போனவைதான்.

மற்றது, புல் வெட்டினதை வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் கொட்டுறீங்களோ? எல்லாரும் கொட்டினம், பச்சைத் தொட்டி நிறைந்துவிட்டால் அதுதான் வழி என்று. செய்யாதேங்கோ. வீட்டுப் புல்தரையில் வளர்க்கிற கிக்குயு புல் அப்படித்தான் உள்ளுக்குப் போய்க் குடும்பம் நடத்துறது. பசளை போட்ட புல் என்றால் இன்னும் மோசம், இந்த மண்ணின் செடிகளுக்குப் பசளை ஆகாது, களைக்குத்தான் கொண்டாட்டம்.

கணக்குப்பிள்ளை

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்க ஒருத்தராவது வேண்டும் என்பதால் நான். சுற்றிலும் ரோடும் வீடும், நடுவில் 2 ஹெக்டேர். அதில் எந்த மிருகம் எத்தனை தலைமுறை வாழும்? ஒரு பக்கம் வெளியிலிருந்து புது ரத்தம் கலக்காமல் தானாகவே அழியும், இன்னொரு பக்கம் ஜனவரியில் காய்ந்த புல் தீப்பிடித்தால் எரியப்போவது நத்தை இல்லை, உங்கள் வீட்டு வேலி. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நீல மலைத்தொடர் பக்கம் லட்சக்கணக்கான ஹெக்டேர் இருக்கிறது, காசை அங்கே போடட்டும். வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஆட்கள் கராஜில் குடியிருக்கிற ஊரில் இந்த அஞ்சு ஏக்கர் பாசம் எனக்குப் புரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர்நகர்வாசி

கான்பெராவிலிருந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, நானும் இங்கே வந்த புதிதில் இதையே கேட்டேன். அதற்கு என் அலுவலகத்துப் பக்கத்திலேயே பதில் இருந்தது. பார்ட்டன் என்ற பகுதியில், சுற்றிலும் அரசுக் கட்டிடங்களும் கார் பார்க்கிங்கும், நடுவில் ஒரு ஏக்கர் அளவுக்குப் புல்தரை, வேலி போட்டிருக்கும். கட்டிடம் கட்ட வாங்கிப் போட்ட மனை என்றுதான் நினைத்தேன். அங்கே கோல்டன் சன் மாத் என்கிற அந்துப்பூச்சி வாழ்கிறது. வளர்ந்த பூச்சிக்கு வாயே வேலை செய்யாது, புழுவாக மண்ணுக்குள் புல்வேரைத் தின்று சேர்த்ததை வைத்து சில நாள் மட்டும் வாழ்ந்து முடிக்கும். பெண் பூச்சி கிட்டத்தட்டப் பறக்காது, தரையில் உட்கார்ந்து பொன்னிறப் பின்சிறகைக் காட்டும், ஆண் வெயில் உச்சியில் தாழப் பறந்து தேடும், தன் புல்லை விட்டு நூறு மீட்டர் போனால் பெரிய பயணம். இப்படிப்பட்ட உயிருக்கு மலைத்தொடரில் லட்சம் ஹெக்டேர் இருந்து என்ன, அங்கே இதன் புல் இல்லையே. நத்தைக்கும் அதே கதைதான். மலை மணற்கல், சமவெளி களிமண். ஊட்டியில் காடு இருக்கிறது, அதனால் பாலாற்றங்கரை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிறது.

வாழுமா என்றால், பெரியது வாழாதுதான். குவால் என்கிற பூனை அளவு வேட்டை விலங்கு, பெட்டாங் என்கிற குட்டிக் கங்காரு எல்லாம் சின்னத் துண்டுகளில் எப்போதோ போய்விட்டன. இங்கே முல்லிகன்ஸ் ஃபிளாட் என்ற காப்பகத்தில் 2009-ல் பூனை, நரி நுழையாதபடி வேலி அடித்து, பெருநிலத்தில் சுமார் நூறு வருடம் இல்லாமல் போயிருந்த பெட்டாங்கை 2012-ல் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இரவில் கிழங்குப் பூஞ்சைக்காக மண்ணைத் தோண்டித் தோண்டி உழுத மாதிரி ஆக்கிவைக்கிறது. ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் ஹெக்டேர் வேண்டும். அங்கே செய்த இன்னொரு வேலையைத்தான் நான் சொல்ல வந்தேன். சுமார் 2,000 டன் கட்டையை லாரி லாரியாகக் கொண்டுவந்து காட்டுக்குள் போட்டார்கள். அந்தக் காலத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சுத்தம் பண்ணிவிட்டதை இந்தக் காலத்தில் காசு கொடுத்துத் திரும்பப் போடுகிறார்கள். உங்கள் தெருக்கோடிக்காரர் அதையே காசு கொடுத்து அள்ளச் சொல்கிறார்.

பூனை வளர்க்கிறீர்களா? இங்கே 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனையை வெளியே திரியவிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் பக்கம் சட்டம் எப்படியோ, உள்ளேயே வைத்தால் நிறையப் பல்லி பிழைக்கும்.

சருகுக்காரன்

மைனா பாக்கி வைத்திருந்தேன். புதுவீட்டுக்காரரே, நீங்கள் பார்த்தது காபிக்கொட்டை நிறத்தில், கறுப்புத் தலையோடு, பறக்கும்போது சிறகில் வெள்ளைப் பட்டை தெரிகிறதா? அப்படியானால் அது நம் மைனா, 1862-ல் மெல்போர்னில் பூச்சி பிடிக்க என்று கொண்டுவந்து விட்டார்கள், இப்போது கிளிக்கான பொந்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து எல்லாரையும் விரட்டுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சாம்பல் நிறமாக இருக்கும், முகத்தில் கறுப்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் பொட்டு. அது நாய்சி மைனர். இங்கேயே பிறந்து வளர்ந்த தேன்குருவி ஜாதி, நம் மைனாவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி விழும், அதனால் நம் ஆட்கள் எல்லாரும் இந்தக் குழப்பத்தில் விழுகிறோம். எனக்கு என்னவோ அந்தப் பெயர் தமிழில்தான் சரியாகப் பொருந்துகிறது. சங்கிலி போட்டுக்கொண்டு ஊரை மிரட்டுகிற மைனர்.

இந்த மைனர் எப்படி ராஜா ஆனார் என்பதுதான் உங்கள் மனுவுக்கு நேரடிச் சம்பந்தம். அவருக்குத் தேவை உயரமான மரம், கீழே வெட்டவெளி, அதாவது பூங்கா மாதிரி இடம். புதரை வெட்டி, புல்லை மொட்டை அடித்து, ஓரத்தை நீட்டிக் கொடுத்தால் அவர் ராஜ்யம். காட்டு ஓரத்திலிருந்து 200, 300 மீட்டர் உள்ளே வரைக்கும் அவர் ஆட்சி போகும், 2 ஹெக்டேரில் உள்ளே என்று ஒன்றே கிடையாது, எல்லாமே ஓரம்தான். சின்னப் பூச்சி தின்னிகளை எல்லாம் விரட்டிவிடுவார், அப்புறம் இலையைத் தின்கிற பூச்சி பெருகி மரமும் வாடும். 2014-ல் மத்திய அரசே இந்த விரட்டலைப் பெரிய அச்சுறுத்தல் என்று அறிவித்தது, ஒரு உள்ளூர்ப் பறவையை இப்படிச் சொல்வது அபூர்வம். ஆனாலும் அவர் பாதுகாக்கப்பட்ட பறவை, கூண்டு வைத்துப் பிடிக்கிற வேலை வேண்டாம். நம்மால் முடிந்தது அடர்ந்த முள்ளுப்புதர் வைப்பது. நீலக் குருவி, அதாவது ஃபேரி ரென், பர்சேரியா முள்ளுக்குள் நுழைந்துவிட்டால் மைனரால் உள்ளே போக முடியாது. உங்கள் வேலிக்குள்ளேயே நாலு பர்சேரியா, கொஞ்சம் கங்காரு புல் நடுங்கள். கிரெவில்லியா என்கிற பூச்செடியில் பெரிய பூ விடுகிற கலப்பின வகைகளை வாங்காதீர்கள், நர்சரியில் பறவைகளை அழைக்கும் என்று எழுதியிருப்பான், அழைக்கும்தான், யாரை என்று எழுதியிருக்க மாட்டான்.

இதில் நான் பண்ணிய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் எங்கள் ரிசர்வில் உண்ணிச்செடிப் புதர் ஒன்று, நம் ஊர்க் காடுகளைப் பிடித்து ஆட்டுகிற அதே உண்ணிச்செடி, ஒரே வாரத்தில் மொத்தமாக வெட்டி எறிந்தோம். ஐந்து பேர் சேர்ந்து போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம். அந்த ரிசர்வில் ஃபேரி ரென் குடும்பம் இருந்தது அந்த ஒரே புதரில்தான். வேறு ஒளியிடம் வளர நாங்கள் நேரம் கொடுக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒன்றுகூட இல்லை, இன்று வரை திரும்பவில்லை. இப்போது ஆப்பிரிக்க ஆலிவ் வெட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பக்கம் நட்டு அது உயர்ந்த பிறகுதான் மறுபக்கம். ஆலிவை விட்டுவைக்கவும் முடியாது, முன்னாளில் வேலிக்காகக் கொண்டுவந்தது, பறவை பழத்தைத் தின்று எச்சமிட்டே ஊர் முழுக்க நட்டுவிட்டது, அதன் நிழலுக்குக் கீழே புல் பூண்டு ஒன்று முளைக்காது.

கணக்குப்பிள்ளைக்கு: சட்டமே அரை ஹெக்டேர்த் துண்டைக் கணக்கில் எடுக்கிறது, தரையில் நிரந்தரமாக வளர்வதில் பாதியாவது உள்ளூர்ச் செடியாக இருந்தால். தீ பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. வீட்டை ஒட்டி ஒரு பட்டையை வெட்டித்தான் வைக்க வேண்டும், வளவுக்காரி அக்கா சொன்னதும் அதுதான். உள்ளே இருக்கிற கங்காரு புல்லும் வெட்டாமலே எரிக்காமலே வருடக்கணக்கில் விட்டால் தன் சருகிலேயே மூச்சுத் திணறிப் போகும், சில வருடத்துக்கு ஒருமுறை பகுதி பகுதியாகக் குளிர்ந்த தீயோ (சூடு குறைவாக, மெதுவாக எரியவிடுவது), விதை உதிர்ந்த பிறகு உயர வெட்டோ வேண்டும். அதனால் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் மோவரை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டாதே என்கிறேன். வீடு கட்ட இடம் இல்லை என்பதற்கு இந்த 9 சதவீதம் காரணம் இல்லை ஐயா, மிச்ச 91-ல் பார்க்கிங் எவ்வளவு என்று ஒரு நாள் அளந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

பார்க்கிங் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ரத்தம் கலக்காத கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

குளிர்நகர்வாசி

வரவில்லைதான், ஏனென்றால் அந்தக் கேள்வியில் நீங்கள் ஓரளவு சரி. தனித்துப்போன துண்டில் ஒன்று மறைந்தால் தானாகத் திரும்பி வர வழியில்லை. அதனால்தான் துண்டுக்குத் துண்டு நடுவில் வீட்டுத் தோட்டமும் தெருவோரமும் ஒரு படிக்கல் மாதிரி வேண்டியிருக்கிறது. பறப்பதற்கு இது இன்னும் உதவும். டாஸ்மேனியாவில் மட்டும் குஞ்சு பொரிக்கிற ஸ்விஃப்ட் கிளி, குளிர்காலத்தில் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்து பாக்ஸ் மரங்களில் தேனும் இலைப்பூச்சியின் சர்க்கரையும் தேடி அலையும். எந்த வருடம் எந்த மரம் பூக்கும் என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இருப்பதே சில நூறுகள்தான். அதற்கு ஒரே பெரிய காடு போதாது, வழியெங்கும் மரம் வேண்டும்.

புதுவீட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பதில் தாமதம், வார இறுதி முழுக்க இதிலேயே போய்விட்டது.

கையெழுத்துப் போடவில்லை. அந்த வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். கெட்ட மனிதர் இல்லை, அவர் நாய் இரண்டு வருடம் முன்பு பிரவுண் கடித்துச் செத்திருக்கிறது, அதை யாரும் இதுவரை உட்கார்ந்து கேட்கவில்லை போல. வேலி ஓரம் வெட்டும் பட்டையை அகலமாக்க வேண்டும், ஆலிவ் கன்றுகளை எடுக்க வேண்டும், கட்டையையும் மரத்தையும் தொட வேண்டாம் என்று மனுவை மாற்றினால் நானே தெரு முழுக்க வாங்கித் தருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றார். மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடைபாதை ஓரம் நிற்கும் ஒரே ஒரு பட்ட மரத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் அதன் மேல்கிளைகளை மட்டும் குறைக்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. சருகுக்காரன் அண்ணா, அப்படிச் செய்வார்களா?

பறவை சாம்பல்தான். மஞ்சள் பொட்டும் இருக்கிறது. நம் மைனாவை அநியாயமாகத் திட்டிவிட்டேன். நத்தைக் குளிசை ஒரு டப்பா இருந்தது, பழைய வீட்டுக்காரர் விட்டுப்போனது, தூக்கிப்போட்டாயிற்று. என் மனைவி நீலநாக்கை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் நத்தை தின்னும் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள்.

ஞாயிறு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டு, அந்தக் கார் நீளக் கட்டை வரை போனோம். எதையும் புரட்டவில்லை. கட்டை ஓரத்துச் சருகின் மேல் ஒரு காலி நத்தை ஓடு கிடந்தது. ஒரே பழுப்பு நிறம், கொஞ்சம் சப்பை, என் கட்டைவிரல் நுனியை விடப் பெரியது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிறது. இது அதுவா, சாதாரணத் தோட்டத்து நத்தையா?

சருகுக்காரன்

மரத்துக்கு: செய்வார்கள், நிபுணரை வைத்துப் பார்த்து, அடிமரத்தைப் பொந்தோடு நிற்கவிட்டு மேலே மட்டும் குறைப்பது வழக்கம்தான். மனுவில் அதை அப்படியே எழுதுங்கள்.

ஓட்டுக்கு: தோட்டத்து நத்தையின் ஓடு தடிப்பு, உருண்டை, மேலே கறையும் வரியுமாக இருக்கும். நீங்கள் சொல்கிறபடி ஒரே பழுப்பு, சப்பை, மெல்லிசு என்றால் எனக்குக் கை பரபரக்கிறது. குறுக்களவு 25 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, மேலேயும் கீழேயும் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். நத்தை ஓட்டை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்.

புதுவீட்டுக்காரன்

மகள் அப்போதே சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள், இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூங்கட்டும். அளந்தேன், 28. காலையில் படம் எடுத்துவிட்டு இரண்டு பேரும் போய்த் திரும்ப வைத்துவிட்டு வருகிறோம்.